குரோயராவது லேயராவது, இரண்டாம் குடோன்

உங்கள் விசைப்பலகையில் என்டருக்கு மேலே செங்குத்தாக ஒரு கோடு இருக்கிறதே, அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பெரும்பாலும் யாரும் தொடாமல் தூசி படிந்து கிடக்கும் விசை அது. ரெகுலர் எக்ஸ்பிரஷனில் அதற்கு ‘அல்லது’ என்று பொருள். இதையாவது தேடு, அதையாவது தேடு, எது கிடைத்தாலும் கொண்டுவா என்று கணினிக்குச் சொல்கிற கோடு. பாடப் புத்தகத்தில் அரைப் பக்கத்தில் முடித்துவிடுவார்கள். நீங்களும் டீ ஆறுவதற்குள் கற்றுக்கொண்டு அடுத்த பாடத்துக்கு ஓடிவிடுவீர்கள். ஓடுங்கள், நானும் அப்படி ஓடியவள்தான். ஆனால் அந்தக் கோட்டுக்காக ஒரு மத்தியானம் நான் ஓடுகிற பிரிண்டரின் ஒயரைப் பிடுங்கியிருக்கிறேன். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கோழிக் கொட்டகையில் தீவனத் தொட்டியைக் கையால் வழித்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள். நான் நின்றுகொண்டே சொல்கிறேன், எனக்கு உட்கார வராது.

எண்பதுகளின் பிற்பாதி. சேலத்தில் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் எங்கள் அலுவலகம். சொந்தமாகக் கணினி வாங்க முடியாத மில்காரர்களும் கம்பெனிக்காரர்களும் தங்கள் பில் கட்டுகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், நாங்கள் கூலிக்கு அவற்றைக் கணினியில் ஏற்றிக் கொடுப்போம். ஒரே ஒரு யுனிக்ஸ் மெஷின். அதிலிருந்து ஒயர் இழுத்துச் சில டெர்மினல்கள், காது கிழியக் கத்தும் ஒரு பிரிண்டர், கரண்ட் போனால் சிறிது நேரம் மட்டும் மூச்சுப் பிடித்து ஓடும் ஒரு பேட்டரி. நான் வாழப்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். ஊரில் யாருக்கும் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொல்லிப் புரிய வைக்க முடிந்ததில்லை. டைப் அடிக்கிற வேலை என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

எங்களுக்கு மேலே ஒருவர் இருந்தார். அவருக்குப் பெயர் உண்டு, ஆனால் நாங்கள் சார் என்றுதான் கூப்பிட்டோம், இங்கேயும் சார் என்றே இருக்கட்டும். நான் கற்றுக்கொண்ட எல்லாம் அவரிடம்தான். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. தேடுவதற்கு ஒரு பேட்டர்ன் எழுதினால், என்டர் தட்டும் முன் அதை வாயால் தமிழில் சொல்லிக் காட்ட வேண்டும். “ஏம்மா, நீ எழுதினதை எனக்குச் சொல்லு. எனக்குப் புரிஞ்சாத்தான் மெஷினுக்குப் புரியும்” என்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். கை துறுதுறுவென்று என்டரில் நிற்கும்போது வாயைத் திறந்து ஒப்பிக்கச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஆனாலும் சொல்லிக் காட்டாமல் விடமாட்டார்.

எங்களிடம் பில் கொடுத்தவர்களில் நாமக்கல் பக்கத்துக் கோழித் தீவன மில் ஒன்றும் உண்டு. அதைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். கோழிக்கு வயசுக்கு ஏற்ற தீவனம். குஞ்சுக்கு ஒன்று. வளர்கிற கோழிக்கு குரோயர். முட்டையிடத் தொடங்கியபின் லேயர். மில்லில் சரக்கு வைக்க இரண்டு குடோன்கள். ஒவ்வொரு லோடுக்கும் ஒரு பில், ஒவ்வொரு பில்லுக்கும் எங்கள் ஃபைலில் ஒரு வரி. வரியில் முதலில் தீவன வகை, அடுத்து குடோன் எண், பிறகு பில் யார் பெயரில் போட்டதோ அவர் பெயர், கடைசியில் ஊர். அவ்வளவுதான்.

ஒரு நாள் மத்தியானம் நான் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. மில் மேனேஜர் காளியண்ணன் வந்து நின்றார். பெரிய உடம்பு, எப்போதும் நிதானமாகப் பேசுகிற மனிதர். அன்று சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

“சார், ஒரு அவசரமுங்க. ரெண்டாம் குடோன்ல கடலைப் புண்ணாக்கு பூஞ்சணம் புடிச்சுக் கெடந்திருக்குதுங்க. தெரியாம அரைச்சுப் போட்டுட்டாங்க. நேத்து ஒரு பண்ணையில கோழி தூங்கித் தூங்கி உழுவுது. டாக்டர் அறுத்துப் பாத்துட்டு ஈரல் போச்சுங்கறாரு. இந்த வாரம் போன லோடு எல்லாம் யாரு யாருக்குன்னு தெரியோணும். சாயங்காலத் தீவனம் போடறதுக்குள்ள சொல்லியாகோணுமுங்க.”

குஞ்சுத் தீவனத்தில் அந்தப் புண்ணாக்கு சேர்ப்பதில்லை, அது தப்பியது. குரோயரிலும் லேயரிலும் சேர்த்திருக்கிறார்கள். அதுவும் இரண்டாம் குடோன் சரக்கில் மட்டும். அந்த வாரத்துப் பில்களை முந்தின நாள்தான் ஏற்றி முடித்திருந்தோம். காகிதக் கட்டைப் பிரித்துத் தேடினால் பொழுது சாய்ந்துவிடும். கணினியில் ஒரே வரியில் தேடிவிடலாம்.

சார் என்னை நகரச் சொல்லிவிட்டுத் தானே டெர்மினலுக்கு முன்னால் நின்றார். காளியண்ணன் அவர் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று மூச்சு விட்டால் எப்படிப்பட்டவருக்கும் கை கொஞ்சம் வேகமாகும். நாங்கள் ஆங்கிலத்தில்தான் தட்டுவோம், உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். சார் தட்டியது இது:

லேயர்|குரோயர் 2

வாயால் சொல்லிப் பார்க்கவில்லை. என்டர் தட்டினார். பிரிண்டர் கத்தத் தொடங்கியது.

“வந்துருச்சுங்களா?” என்றார் காளியண்ணன்.

“வருது, வருது” என்றார் சார். இருவர் முகத்திலும் ஒரு தெளிவு வந்தது.

எனக்கு உட்கார இடமில்லாததால் பிரிண்டர் பக்கத்தில் போய் நின்று வருகிற காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். லேயர் 2. குரோயர் 2. சரி. லேயர் 2. லேயர் 1.

லேயர் 1?

அடுத்த வரியும் லேயர் 1. அதற்கடுத்ததும். ஒன்றாம் குடோன் சரக்குக்கு இந்தக் காகிதத்தில் என்ன வேலை? காகிதம் நிற்காமல் வந்து தரையில் மடிந்து மடிந்து விழுந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பேட்டரி ‘பீப், பீப்’ என்று கூப்பாடு போட ஆரம்பித்தது. மின்விசிறி நின்றது, பிரிண்டர் மட்டும் நிற்கவில்லை.

“சார், இது தப்பா வருது. ஒண்ணாம் குடோனெல்லாம் வருது. நிறுத்திடுங்க” என்றேன்.

“வர்றது வரட்டும்மா. பேட்டரி இருக்கறப்பவே எடுத்துக்கலாம். கூட வந்தா என்ன, அப்புறம் பேனாவால அடிச்சுட்டாப் போச்சு.”

காளியண்ணனும் அதையே சொன்னார். “அதானுங்க அம்மிணி. கொறையாம வந்தாச் சரி. எல்லாத்துக்குமே நிறுத்தச் சொல்லிட்டா என்னங்க?”

நீங்கள் இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. தேடும்போது குறைவாக வருவதைவிடக் கூடுதலாக வருவது நல்லது என்று உங்களுக்கும் யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்கு அப்போது ஒரு கேள்விதான் தோன்றியது.

“உங்ககிட்ட எத்தனை வண்டி இருக்குதுங்க?”

“ஒரு ஜீப்பு, ஒரு புல்லட்டு. கீழ நிக்குதுங்க.”

“பண்ணையில போன் இருக்குதுங்களா?”

“பெரிய பண்ணை ஒண்ணு ரெண்டுல இருக்குமுங்க. மத்தவீகளுக்கு ஏதுங்க போனு. நேர்லதான் போகோணும்.”

ஒரு ஜீப், ஒரு புல்லட். தரையில் கிடக்கிற காகிதத்தில் ராசிபுரத்திலிருந்து நாமக்கல் தாண்டி இருக்கிற லேயர் பண்ணை அத்தனையும் வந்துகொண்டிருந்தது. நல்ல தீவனம் வாங்கியவன் வீட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது கெட்ட தீவனம் வாங்கியவன் அதை அள்ளிக் கொட்டிக்கொண்டிருப்பான். பேட்டரியின் பீப் சத்தம் இன்னும் நெருங்கியது. நான் குனிந்து பிரிண்டரின் ஒயரைப் பிடுங்கினேன்.

சார் என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். நினைத்தாலும் வாய் நிற்கவில்லை. “நீங்க எழுதினதை எனக்குச் சொல்லுங்க சார்” என்றேன். எனக்கு அவ்வளவு திமிர் இருந்தது என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

அவர் திரையைப் பார்த்தார். மெதுவாகப் படித்தார். “லேயர். அல்லது, குரோயர் ரெண்டு.” படித்து முடித்ததும் அவருக்கு முகம் சுருங்கிப்போனது.

இதுதான் சங்கதி. அந்தக் கோடு பக்கத்துச் சொல்லோடு நின்றுகொள்ளாது. தனக்கு இடப்பக்கம் இருப்பதெல்லாம் ஒரு கட்சி, வலப்பக்கம் இருப்பதெல்லாம் இன்னொரு கட்சி என்று முழு வரியையும் பிளந்துவிடும். நாம் மனதில் நினைத்தது, லேயரோ குரோயரோ எதுவானாலும் இரண்டாம் குடோன் என்று. கணினி எடுத்துக்கொண்டது, லேயர் என்றால் எந்தக் குடோனானாலும் சரி, குரோயர் என்றால் மட்டும் இரண்டாவது என்று. ‘அல்லது’ எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நாம்தான் வேலி கட்ட வேண்டும். அந்த வேலிதான் அடைப்புக்குறி. சார் திருத்தித் தட்டினார்:

(லேயர்|குரோயர்) 2

இந்த முறை தட்டும் முன் உரக்கச் சொன்னார், “லேயராவது குரோயராவது, ரெண்டாம் குடோன்.” வரிகள் திரையில் வந்து நின்றன. ஒரு திரைகூட நிறையவில்லை.

பிரிண்டரை மறுபடி மாட்டினால் பேட்டரி செத்துவிடும் என்று பயம். கையில் கிடைத்த காகிதத்தில் எழுத ஆரம்பித்தேன். கடைசி ஊரை எழுதி முடிக்கவும் திரை அணையவும் சரியாக இருந்தது. காளியண்ணன் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

“அம்மிணி, நம்ம கோழிங்களே இதைவிட நல்லா எழுதுமுங்க” என்றார்.

அதை என்னைத் தவிர யாராலும் படிக்க முடியவில்லை. திருப்பி எழுத நேரமில்லை. டிபன் பாக்ஸை அப்படியே மூடி வைத்துவிட்டு நானும் ஜீப்பில் ஏறினேன். சார் மில்லுக்கு டிரங்க் கால் புக் செய்துவிட்டு அங்கேயே காத்திருந்தார். போகும்போது ஒன்று மட்டும் சொன்னார், “நிறுத்தினது நல்லதும்மா.” அவ்வளவுதான். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ராசிபுரம் பிரிவில் ஜீப்பை நிறுத்தி, புல்லட்டில் பின்னால் வந்த மில் சூப்பர்வைசருக்குப் பாதிப் பெயர்களைப் படித்துச் சொன்னேன். அவர் தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டு நாமக்கல் பக்கம் பறந்தார். நாங்கள் புதுச்சத்திரம் பக்கம் திரும்பினோம். நான் சீட்டு நுனியில் உட்கார்ந்து முன்கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எதிரே வருகிற ஒவ்வொரு லாரியும் வேண்டுமென்றே மெதுவாக வருகிற மாதிரி இருந்தது. வெயில் இறங்குகிறதா என்று வெளியே எட்டி எட்டிப் பார்த்தேன். “அம்மிணி, உள்ள உக்காருங்க, உழுந்துருவீங்க” என்று காளியண்ணன் சொல்லிக்கொண்டே வந்தார்.

முதல் பண்ணையில் ஒரு சிக்கலுமில்லை. விஷயத்தைச் சொன்னதும் அந்த ஆள் மூட்டைகளை ஓரம் கட்டச் சொன்னார். “நல்ல வேளை வந்தீங்க. மத்தவீகளுக்கு நான் சொல்லீர்றேனுங்க” என்று சைக்கிளை எடுத்தார். ஏதோ அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லப் போகிறார் என்று நினைத்து நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாவது பெயர் செல்லமுத்து. ரோட்டை விட்டு உள்ளே போன தோட்டம். அவரும் நிறுத்திவிட்டார். கிளம்பப் போகும்போதுதான் எனக்கு ஒன்று உறுத்தியது. கொட்டகை சின்னது. ஒரு முழு லாரி லோடு தின்கிற அளவுக்கு அங்கே கோழி இல்லை.

“ஒரு லோடு முழுசும் இந்தக் கொட்டகைக்குங்களா?” என்று கேட்டேன்.

“அதெப்புடிங்க. பில்லு என்ற பேருல வரும், மூணு ஊட்டுக்கும் பிரிச்சுக்குவோம். தனித்தனியா எடுத்தா லாரி வாடகை கட்டுப்படியாகுமுங்களா?”

நான் காளியண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை.

“இது உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“தெரியாம என்னங்க அம்மிணி. இங்க எல்லாருமே அப்படித்தான் எடுப்பாங்க.”

“அப்புறம் ஏன் சேலத்துலயே சொல்லல?”

“நீங்க கேக்கலீங்களே. பில்லு ஒருத்தர் பேருலதானுங்க போடுவோம். அதைத்தான தேடுனீங்க.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் யார் மேல் கோபப்படுவது? அவர் எதையும் மறைக்கவில்லை. வீட்டுக்கு வாசல் இருக்கிறது என்று யாரும் சொல்லிக்கொண்டிருப்பதில்லை, அது மாதிரி அவருக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே படவில்லை. நாங்கள் அடைப்புக்குறியைச் சரியாகப் போட்டு, சரியான வரிகளை எடுத்து, சரியான ஆட்களைத் தேடி வந்திருந்தோம். அந்த வரி ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரும் எழுதாத இரண்டு மூன்று வீடுகள் இருந்தன.

முதல் பண்ணைக்காரர் சைக்கிள் எடுத்தது எதற்கென்று அப்போதுதான் உறைத்தது. அவர் தன் பங்காளர்களுக்குச் சொல்லப் போயிருக்கிறார். சரி, எல்லோரும் அப்படியே செய்துவிட்டால் நாங்கள் பில்காரரிடம் மட்டும் போனால் போதும். “உங்க மத்த ரெண்டு ஊட்டுக்கும் நீங்க போய்ச் சொல்லீருங்க” என்றேன் செல்லமுத்துவிடம்.

“ஒரு ஊட்டுக்குச் சொல்லீர்றேனுங்க” என்றார். “இன்னொண்ணு பாவாயி ஊடு. அங்க நான் போறதில்லீங்க.”

பாவாயி அவருடைய அண்ணன் மனைவி. அண்ணன் இறந்து, கிணற்றுத் தண்ணீர் பங்கில் தகராறு வந்து, பேச்சு நின்றுபோயிருந்தது. பேச்சு நின்றும் லோடு மட்டும் நிற்கவில்லை. லாரிக்காரன் பிரிவு ரோட்டில் அவளுடைய மூட்டைகளை இறக்கிவிட்டுப் போவான். ஒரு கொட்டகை, எல்லாம் முட்டைக்கு வரப் போகிற குரோயர் கோழி. அவள் கையில் இருந்ததே அது ஒன்றுதான் என்று காளியண்ணன் காதோரம் சொன்னார்.

“ஆள் விட்டாவது சொல்லுங்க” என்றேன்.

செல்லமுத்து தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். “அவ நம்ப மாட்டாளுங்க.”

காகிதத்தில் இன்னும் இரண்டு பெயர் பாக்கி. அதில் ஒன்று பெரிய பண்ணை, மில்லின் முக்கியமான வாடிக்கை. காளியண்ணனுக்கு அங்கே போகத்தான் கால் பரபரத்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் வேலை அது. “பேரு இருக்கறவங்களுக்கு மொதல்ல போவமுங்க அம்மிணி. அப்புறம் திரும்பி வரலாம்” என்றார்.

“பெரிய பண்ணையில போன் இருக்குதுன்னீங்கல்ல?”

“இருக்குதுங்க.”

“புதுச்சத்திரத்துல எங்க போன் இருக்குது?”

“அரிசி மில்லுல.”

“அங்க நிறுத்திப் பேசுங்க. பக்கத்துப் பண்ணைக்கும் பங்கு ஊடுகளுக்கும் அவங்களையே ஆள் அனுப்பச் சொல்லுங்க. நாம இங்க போவோம்.”

அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு வண்டியில் ஏறினார். இதில் நான் சரியாகத்தான் முடிவெடுத்தேன் என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு அரிசி மில்லில் அவர் போனில் கத்திக்கொண்டிருந்தபோது, நான் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டு, லைன் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். லைன் கிடைத்தது.

பாவாயியின் கொட்டகைக்கு ஜீப் போகாது. இறங்கி வரப்பில் ஓடினேன். செருப்பு அறுந்தது, அதைக் கையில் எடுத்துக்கொண்டேன். கொட்டகைக்குள் அவள் கூடையிலிருந்து தீவனத்தைத் தொட்டியில் கொட்டிக்கொண்டு வந்தாள். முதல் வரிசைக் கோழிகள் ஏற்கெனவே கொத்திக்கொண்டிருந்தன. மற்ற வரிசைகள் கழுத்தை நீட்டிக்கொண்டு கத்தின.

“கொட்டாதீங்க அக்கா” என்று வாசலிலிருந்தே கத்தினேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். என் வயதைவிடக் கொஞ்சம் கூடுதல் இருக்கும். கையில் செருப்போடு மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஆரு அம்மிணி நீ?”

மூச்சு விடாமல் சொன்னேன். சேலம், கம்ப்யூட்டர், புண்ணாக்கு, பூஞ்சணம், இரண்டாம் குடோன். எனக்கே நான் சொல்வது பைத்தியம் பேசுகிற மாதிரி இருந்தது.

“என்ற கொழுந்தன் சொல்லி உட்டானா?”

“இல்லைங்க அக்கா.”

“கோழி முட்டைக்கு வர்ற நேரம். இப்ப தீவனத்தை நிறுத்துனா என்ன ஆவும்னு அவனுக்குத் தெரியும். காளியண்ணன் எங்க?”

காளியண்ணன் வரப்பில் இன்னும் பாதி தூரத்தில் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார். பாவாயி என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

“அதுல பேரு எழுதியிருக்குதா?”

“ஆமாங்க.”

“என்ற பேரைக் காட்டு.”

நான் காகிதத்தை நீட்டவில்லை. நீட்டி என்ன பயன்? என் கையெழுத்தை அவள் படிக்க முடிந்தாலும் அதில் அவள் பெயர் இல்லை. ஏதாவது ஒரு வரியைக் காட்டி இதுதான் உங்கள் பெயர் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு கிறுக்கலுக்கும் இன்னொரு கிறுக்கலுக்கும் என்ன வித்தியாசம். ஆனால் பின்னால் வருகிற காளியண்ணன் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னாலும் அவள் கூடையைக் கீழே வைக்க மாட்டாள்.

“உங்க பேரு இதுல இல்லைங்க அக்கா. உங்க கொழுந்தனார் பேருதான் இருக்குது. அவர் பேருக்குள்ள நீங்களும் இருக்கறீங்கன்னு எங்களுக்குத் தெரியல. கொஞ்ச நேரத்துக்கு முன்னாலதான் தெரிஞ்சுது. தெரிஞ்சதும் ஓடி வாரேன்.”

அவள் கூடையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பொய் சொல்ல வந்தவள் பெயர் இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பாள். அதை அவள் யோசித்தாளா என்று எனக்குத் தெரியாது. கூடையைக் கீழே வைத்தாள். முதல் வரிசைக்குப் போய்த் தொட்டியில் கையை விட்டுத் தீவனத்தை வழித்து வெளியே தள்ள ஆரம்பித்தாள். நான் அடுத்த முனையிலிருந்து வழித்துக்கொண்டு வந்தேன். கோழிகள் கையைக் கொத்தின. காளியண்ணன் வந்து சேர்ந்து, மூச்சு வாங்கக்கூட நிற்காமல் மூட்டைகளை வெளியே இழுத்தார்.

வேலை முடிந்தபின் அவள் வீட்டுக்குப் போய் ஒரு சாக்கில் சோளம் கொண்டுவந்து கோழிக்குப் போட்டாள். மில் செலவில் மாற்று மூட்டை அனுப்புவதாகக் காளியண்ணன் சொன்னார். பில் போடாமல், வெறும் மூட்டையாக. அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு தண்ணீர்த் தொட்டியடியில் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

“காளியண்ணா, இந்த மூட்டை தீந்தா அடுத்தது என்ற பேருல பில் போடோணும்.”

“அரை லோடுக்கு லாரி வராதே அம்மிணி.”

“மாட்டு வண்டி கட்டிக்கிட்டு நானே வந்து எடுத்துக்கறேன். என்ற பேருல போடு.”

இரவு பஸ்ஸில் வாழப்பாடிக்குத் திரும்பினேன். என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, உடம்பெல்லாம் கோழித் தீவன வாடை. முதல் முறையாக அம்மாவிடம் இன்றைக்கு என்ன வேலை பார்த்தேன் என்று புரிகிற மாதிரிச் சொல்ல முடிந்தது. அவள் நம்பவில்லை.

அந்த வாரத்திலிருந்து சார் மில்லில் ஒரு மாற்றம் செய்ய வைத்தார். பில்லில் யார் யார் பங்கு என்று எல்லாப் பெயரையும் எழுத வேண்டும், நாங்கள் எல்லாவற்றையும் ஏற்றுவோம். காளியண்ணன் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். இரண்டாம் குடோனைக் கழுவிக் காய வைத்துப் பூட்டிவிட்டார்கள், சரக்கெல்லாம் ஒன்றாம் குடோனிலிருந்தே போனது. மற்றப் பண்ணைகளில் சேதம் அதிகமில்லை என்று தகவல் வந்தது. பாவாயி கொட்டகையைப் பற்றி மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த முதல் வரிசை எவ்வளவு தின்றதோ, நாங்கள் போவதற்கு முந்தின நாட்களில் எல்லா வரிசையும் எவ்வளவு தின்றதோ. காளியண்ணனிடம் கேட்கலாம். ஆனால் அவர் சொல்லப் போகும் பதில் எதுவாக இருந்துவிடுமோ என்று பயந்து நான் கேட்கவில்லை.

கேட்பதற்குப் பதிலாகத் தேடினேன். ஒவ்வொரு வாரமும் மில் பில்களை ஏற்றி முடித்ததும் ஒரு பேட்டர்ன் தட்டுவேன். அதில் ஒரு இடத்தில் எனக்குத் தடுமாற்றம் இருந்தது. அவள் பெயரில் பில் வந்தால் எந்தத் தீவனம் வரும்? கோழிகள் நோஞ்சானாகி முட்டைக்கு வராமல் நின்றுபோயிருந்தால் மறுபடியும் குரோயர். பிழைத்து முட்டையிட ஆரம்பித்திருந்தால் லேயர். எதுவுமே இல்லாமல் போயிருந்தால் வரியே வராது. எது என்று தெரியாதபோது என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு இப்போது தெரியும். இரண்டையும் போட்டேன், நடுவில் கோடு போட்டேன், சுற்றி வேலி கட்டினேன்.

(குரோயர்|லேயர்) 1 பாவாயி

முதல் வாரம் வரி வரவில்லை. மாற்று மூட்டை இன்னும் தீர்ந்திருக்காது என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரமும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் இடையில் எங்காவது எழுத்தைத் தப்பாகத் தட்டிவிட்டேனா என்று மூன்று தடவை திருத்தித் தட்டினேன். வரவில்லை. மழை வந்து போனது, சார் ஒரு நாள் பின்னால் வந்து நின்று, நான் வாராவாரம் எதைத் தேடுகிறேன் என்று கேட்காமல் போனார்.

ஒரு திங்கட்கிழமை பில் கட்டை ஏற்றி முடித்துவிட்டுப் பேட்டர்னைத் தட்டினேன். தட்டும் முன் சொல்லும் பழக்கம் எனக்குப் படிந்துவிட்டிருந்தது. குரோயராவது லேயராவது, ஒன்றாம் குடோன், பாவாயி என்று உரக்கச் சொன்னேன். பக்கத்து டெர்மினலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்டர் தட்டினேன்.

ஒரே ஒரு வரி வந்தது.

லேயர் 1 பாவாயி புதுச்சத்திரம்

அன்று முழுக்க நான் உட்கார்ந்தே வேலை பார்த்தேன்.